எல்லவில் இறங்கிவிடாதீர்கள்!

கொழும்புக் கோட்டையில் ஏறிய கூட்டம், எல்ல நிலையம் வந்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். முதுகுப்பை, கமெரா, செல்ஃபி குச்சி எல்லாம் இறங்கியாயிற்று. சன்னலோர இருக்கைக்காகக் காலையிலிருந்து நடந்த யுத்தம் ஓய்ந்து, பெட்டி காலி. இனிமேல்தான் நீங்கள் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார வேண்டும். ஏனென்றால் கோச்சி இன்னும் ஓடி முடியவில்லை. தெமோதரை, உடுவரை, ஹாலிஎல, கடைசியாகப் பதுளை. மலைநாட்டு ரயில் பாதையின் மிகப் பெரிய வேடிக்கை இந்த மிச்சத் துண்டில்தான் ஒளிந்திருக்கிறது.

விடுமுறை என்றதும் நம் ஆட்களுக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். பாசிக்குடா, அறுகம்பை, மிரிஸ்ஸ என்று பட்டியல் நீளும். பதுளையில் கடல் இல்லை. அலையும் இல்லை, ஆரவாரமும் இல்லை. நமுனுகுல மலையின் காலடியில், பதுளு ஓயா வளைத்துக்கொண்ட, ஊவா மாகாணத்தின் சின்னத் தலைநகரம், அவ்வளவுதான். ஆனால் ஊவாவில் கடலைக் காட்டாமல் உங்களை அனுப்பப் போவதில்லை. கொஞ்சம் பொறுங்கள், அந்த இடம் வரும்.

ஊவாவின் முன்பக்கத்தைத்தான் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். பச்சை மலை, நீல ரயில், வெள்ளை மூடுபனி. பின்பக்கக் கதவைத் திறந்து பாருங்கள்! அந்த ரயில் எதை நம்பி ஓடுகிறது, அந்தப் பச்சை எப்படிக் கறுப்பாகிறது, யார் எத்தனை மணிக்கு எழுந்து இதையெல்லாம் நடத்துகிறார்கள் என்பதையெல்லாம் கண்ணால் பார்க்க முடிகிற ஊர் இது.

கோச்சிக்காரர்களின் ரகசியம்

முதலில் நிலைய மேடையில் ஒரு காட்சி. வண்டி வரும் நேரத்தில், ஒரு பெரிய வளையத்தைக் கையில் பிடித்தபடி நிலைய ஊழியர் ஒருவர் நிற்பார். வளையத்தின் அடியில் ஒரு தோல்பை. வண்டி வந்ததும் சாரதி தன்னிடமிருக்கும் வளையத்தைக் கொடுத்துவிட்டு, இதை வாங்கிக்கொள்வார். சில வேளை வண்டி நிற்காமலே, ஓடுகிற ஓட்டத்தில் கை மாறும். ஆகா, அந்த லாவகம்!

பைக்குள் இருப்பது ஒரு உலோகத் தகடு. 'டெப்லட்' என்பார்கள். பாதையோ ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்தால் என்ன கதி? அதற்கு வெள்ளைக்காரன் காலத்தில் கண்டுபிடித்த பதில்தான் இந்தத் தகடு. அது கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அடுத்த நிலையத்தை நோக்கி நகரக்கூடாது. இரண்டு நிலையங்களிலும் உள்ள தகட்டுப் பெட்டிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு தகடு வெளியே போயிருக்கும்வரை இன்னொன்றை எந்தப் பெட்டியும் தராது. இன்றைக்கும் மலைநாட்டில் உங்கள் உயிரைக் காப்பது அந்தத் தோல்பைதான்.

பண்டாரவளைக்கு 1894-ல் வந்து சேர்ந்த ரயில், பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. முப்பது வருஷம்! மலை அப்படி மறித்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்ட 1921-ல் கட்டி முடித்ததுதான் இன்று உலகமே வந்து படமெடுக்கும் ஒன்பது வளைவுப் பாலம். 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். கல், செங்கல், சீமெந்து, அவ்வளவே. இரும்புத் துண்டு ஒன்றுகூட இல்லை. முதல் உலக யுத்தத்துக்கு இரும்பெல்லாம் போய்விட, இந்த ஊர்க் கட்டடக்காரர் பி. கே. அப்புஹாமி கல்லை வைத்தே கட்டிக் காட்டினார் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. பாலத்தின் மேல் ஏறி நின்றால் பாலம் தெரியாது என்பது ஏனோ யாருக்கும் உறைப்பதில்லை. பக்கத்துத் தேயிலைச் சரிவில் ஏறி நில்லுங்கள். ஒன்பது வளைவும், அதன் மேல் ஊரும் வண்டியும் ஒரே பார்வையில் விழும்.

இனி தெமோதரை. என்னைக் கேட்டால் முழுப் பயணத்துக்கும் இதுதான் உச்சம். எல்லவிலிருந்து வரும் வண்டி தெமோதரை நிலையத்தில் நிற்கிறது. கிளம்பி, மலையைச் சுற்றி ஒரு முழு வட்டம் போடுகிறது. இறங்கி இறங்கி வந்து, சற்று முன் தான் நின்றிருந்த அதே நிலையத்தின் அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைகிறது! வண்டியில் இருந்தால் இது பாதிதான் புரியும். தெமோதரையில் இறங்கி மேடையிலேயே நின்றுவிடுங்கள். வழியனுப்பிய வண்டி கொஞ்ச நேரத்தில் உங்கள் காலுக்கடியில் கடகடத்துப் போகும்போது, வயது மறந்து கை தட்டுவீர்கள்.

ஏன் இந்தச் சுற்று? நேராக இறக்கினால் சரிவு தாங்காது. இந்தப் பாதையில் 44 அடி நீளத்துக்கு ஓர் அடி ஏற்றம் என்பதே உச்ச வரம்பு. அதற்கு மேல் போனால் எஞ்சின் மூச்சு வாங்கும். இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை என்று போற்றப்படும் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரதான் இந்தச் சுருளுக்கு வழி கண்டவர் என்பார்கள். அதற்கு ஒரு கதையும் உண்டு. வழி தெரியாமல் மலையில் நின்றவர், எதிரே தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைக் கண்டாராம். சுற்றின் மேல் சுற்று விழ, 'இதுதான் வழி!' என்று துள்ளினாராம். மெய்யோ கட்டுக்கதையோ, தெமோதரைச் சுருளுக்கு மூலம் ஒரு கங்காணியின் தலைப்பாகை என்ற உரிமையை மலையகத்தார் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

வண்டிக்குள் "வடே, வடே" குரல் வந்தால் தயங்காமல் வாங்குங்கள். கடலை வாங்கினால் சுற்றிய காகிதத்தையும் எறிந்துவிடாதீர்கள். எந்தப் பள்ளிப் பிள்ளையின் கணக்குக் கொப்பியோ, தப்பான கழித்தல் ஒன்று சிவப்பு மையில் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஸ்டோருக்குள் ஒரு சுற்று

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் 'ஸ்டோர்' என்றுதான் சொல்வோம். ஊவாவில் பார்ப்பதற்கு ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னை. 1890-ல் சேர் தோமஸ் லிப்டன் கட்டியது. கோப்பித் தோட்டங்களை இலைநோய் தின்று தீர்த்து, நிலம் மலிந்து கிடந்த காலம் அது. ஸ்கொட்லாந்து மளிகை வியாபாரி வந்து இறங்கினார், தோட்டங்களை வாங்கினார், இடைத்தரகரை விலக்கிவிட்டுத் தேயிலையைப் பக்கெட்டில் போட்டு விற்றார். மிச்சம் உலகறிந்த கதை.

உள்ளே நுழைந்தால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. மேல்மாடியில் நீள நீளத் தொட்டிகள். அதில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்று விடுகிறார்கள். இரவு முழுக்க, பன்னிரண்டு பதினாறு மணித்தியாலம், கொழுந்து வாட வேண்டும். கையில் அள்ளிப் பிசைந்தால் முறியாமல் துணி மாதிரி மடங்க வேண்டும். அப்போதுதான் அது கீழே இறங்கத் தகுதி பெறும்.

கீழ்த்தளத்தில் உருட்டும் இயந்திரங்கள் கிறுகிறுவென்று சுற்றுகின்றன. இலை முறுகி, செல் உடைந்து, சாறு வெளியே கசிகிறது. அதைப் பரப்பி வைத்துவிட்டால் மிச்சத்தைக் காற்றிலுள்ள ஒட்சிசன் பார்த்துக்கொள்ளும். உங்கள் கண் முன்னாலேயே பச்சை செம்பாகிறது! எந்த நிமிஷத்தில் நிறுத்துவது? அங்கேதான் டீ மேக்கரின் மூக்கு. கொஞ்சம் பிந்தினால் மணம் போய்விடும், முந்தினால் பச்சை வாடை அடிக்கும். நேரம் வந்ததும் சுடுகாற்று உலைக்குள் தள்ளுகிறார்கள். இருபது நிமிஷம் போல. வெளியே வரும்போது நமக்குத் தெரிந்த கறுப்புத் தேயிலை. நேற்று மலையில் இருந்த கொழுந்து இன்று தேயிலை. ஒரு கிலோ தேயிலைக்குக் கிட்டத்தட்ட ஐந்து கிலோ கொழுந்து போகிறது.

கடைசியில் சல்லடை. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரிகிறது. இதில் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று: இந்த எழுத்துகள் சொல்வது துகளின் அளவைத்தான், தரத்தை அல்ல. நல்ல மலையின் டஸ்ட், மோசமான மலையின் பி.ஓ.பி.யைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

சுவைக்கும் மேசையைத் தவறவிடாதீர்கள். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்க, கரண்டியால் அள்ளி 'ஸ்ஸ்ர்ர்ப்' என்று கூரை அதிர உறிஞ்சுகிறார்கள். நம் வீட்டில் இப்படிக் குடித்தால் தலையில் குட்டு விழும். இங்கே சத்தம் போடாமல் குடிப்பவருக்குத்தான் வேலை தெரியாது. காற்றோடு கலந்து நாக்கெல்லாம் தெறித்தால்தான் மணம் மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிட்டு அடுத்த கோப்பை.

தேயிலைக்குள் தைலம்!

எந்த மாதம் போவது என்று கேட்கிறவர்களுக்கு ஊவா வைத்திருக்கும் பதில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி வெறுங்கையோடு ஊவாவுக்குள் இறங்குகிறது. ஈரமெல்லாம் அங்கேயே போய்விட்டதால் இங்கே வருவது உலர்ந்த கச்சான் காற்று. பகலில் வெயில், இரவில் குளிர், நடுவில் இந்தக் காற்று. தேயிலைச் செடி தாகத்தில் தவித்து, வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு, இலைக்குள் மணப்பொருட்களைச் சேர்த்து வைக்கிறது.

அப்படிச் சேர்வதில் ஒன்று மெதில் சலிசிலேட். எங்கோ கேட்ட பெயர் போல இருக்கிறதா? கால் சுளுக்கினால் தேய்க்கும் தைலப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள், அதில் எழுதியிருக்கும்! அதே பொருள், அணுவளவில், ஊவாத் தேயிலைக்குள். அதனால்தான் பருவத்து ஊவாத் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்ததும் தொண்டையில் ஒரு குளிர்ச்சி ஓடுகிறது. டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு சேர்த்து உலகின் மூன்று பெரும் மணத் தேயிலைகளில் ஒன்றாக ஊவாவை எண்ணுவது இதனால்தான். 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தில் இந்த மாதங்களில் ஊவாவுக்குத் தனி மவுசு. செடி பட்ட கஷ்டத்துக்கு வாங்குகிறவர் கொடுக்கும் விலை அது.

இந்தத் தேத்தண்ணியில் தயவுசெய்து பாலை ஊற்றிவிடாதீர்கள். வெறும் சாயமாக, பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டியோடு குடியுங்கள்.

விடியும் முன்னே மலையில்

தம்பேதென்னை ஸ்டோரிலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே ஏறினால் லிப்டன்ஸ் சீட். லிப்டன் உட்கார்ந்து தன் சாம்ராஜ்யத்தைப் பார்த்த இடமாம். விடிவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். ஒன்பது பத்து மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து முகில் ஏறி வந்து திரையை இழுத்துவிடும். ஏறும்போது ஆட்டோ, இறங்கும்போது நடை என்று வைத்துக்கொண்டால் முழங்காலுக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

உச்சியில் நின்றால் ஊவா, மத்திய, சப்ரகமுவ, தென், கிழக்கு என்று ஐந்து மாகாணங்கள் தெரியும் என்பது ஊர்ப் பெருமை. வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் காலையில் தெற்கே ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு மினுங்கும். அதுதான் நான் சொன்ன கடல்! மணலில் கால் வைக்காமல், உப்புக்காற்று படாமல், ஆறாயிரம் அடிக்கும் மேலிருந்து ஒரு கடற்கரைத் தரிசனம்.

இறங்கும் வழிதான் உண்மையான பின்மேடை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் அடுப்பு எரிந்து அடங்கியிருக்கும். கோதுமை ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்கு கட்டிக் கூடையோடு பெண்கள் மலையேறுகிறார்கள். ஒரு காலத்தில் இந்தப் பெரட்டுக்குத் தப்படித்துக் கூப்பிட்டார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பாடப் புத்தகத்தில் படித்த கணக்கை இந்தக் கைகள் செய்வதைப் பாருங்கள். கண் முன்னால் போகிறது, கை தன் பாட்டுக்கு ஆய்ந்து பின்னால் கூடைக்குள் வீசுகிறது. அட்டை கடித்தாலும் கை நிற்காது.

கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும் நேரம் போனால் தோட்டத்தின் முழு நாடகமும் அங்கே. தராசு, கணக்கு, கேலி, சண்டை, சிரிப்பு. பதினெட்டோ இருபதோ, அந்தந்தத் தோட்டம் வைத்த கிலோ நிறைந்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருஷக்கணக்கில் போராடி அது 2021-ல் வந்தது. 2024-ல் அடிப்படை 1,350 ரூபாயானது. நகரத்து ஹோட்டலில் ஊவாத் தேத்தண்ணி குடிக்கும்போது, கோப்பையின் விலையை இந்தக் கணக்கோடு ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்.

இந்தச் சரிவுகள் அழகு மட்டுமல்ல. கொஸ்லந்தைப் பக்கம் மீரியாபெத்தைத் தோட்டத்து லயங்களை 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவு மூடியது. இந்த மலையில் மழை எப்போதும் வெறும் மழையாக இருப்பதில்லை.

அப்புத்தளையில் இன்னும் ஒரு மணித்தியாலம் கையில் இருந்தால் அதிஷம் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931-ல் கட்டிய கருங்கல் மாளிகையில் இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகள் ஜெபிக்கிறார்கள், ஜேமும் காய்ச்சுகிறார்கள்! வார இறுதியிலும் போயா நாட்களிலும் கதவு திறக்கும். ஸ்ட்ரோபெரி ஜேம் போத்தல் ஒன்று வாங்காமல் யாரும் வெளியே வருவதில்லை.

கடைசி நிலையத்து ஊர்

பதுளை நகரம் நடந்தே பார்க்கக்கூடிய அளவு. முதியங்கன ரஜமகா விகாரை, இலங்கைப் பௌத்தர்களின் பதினாறு புனிதத் தலங்களில் ஒன்று. கதிர்வேலாயுத சுவாமி கோயிலில் மணி அடித்தால் கடைவீதி ஒரு கணம் திரும்பிப் பார்க்கும். முருகனுக்கு இந்த மாகாணத்தில் கேட்கவா வேண்டும், கதிர்காமமே ஊவாவுக்குள்தானே இருக்கிறது!

சென். மார்க்ஸ் தேவாலயத்துக்குள் கட்டாயம் எட்டிப் பாருங்கள். மேஜர் ரொஜர்ஸ் நினைவாக எழுந்தது. பதுளையின் அரச அதிகாரி, நீதிபதி, அதோடு 1,400-க்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் என்று பேர் பெற்றவர். 1845 ஜூனில் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை, திரும்பத் திரும்ப விழுந்தது என்பார்கள். யானைகளின் கணக்கு இன்னும் முடியவில்லை என்று ஊர் சிரிக்கிறது.

துன்ஹிந்த அருவி நகரத்திலிருந்து எட்டும் தூரம். 64 மீட்டர் உயரத்திலிருந்து பதுளு ஓயா குதிக்கும் இடம். ஒன்றரைக் கிலோமீட்டர் போலக் காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், குரங்குகள் வரவேற்புக் குழு அமைத்திருக்கின்றன. ஹாலிஎலப் பக்கம் போகொட மரப்பாலம் பலரும் தாண்டிப் போய்விடும் அதிசயம். கண்டியிலிருந்து பதுளைக்கு வந்த பழைய வழியில், ஓடு வேய்ந்த கூரையோடு ஓடைக்கு மேல் நிற்கிறது. முழுக்க மரம். நானூறு வருஷத்துக்கு மேல் பழசு என்கிறார்கள்.

மாசியில் போகிறவர்களுக்கு ஒரு கொசுறு. தோட்டங்களில் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றியிருந்தால் அங்கேயே தங்கிவிடுங்கள். பகல் முழுக்க மலையில் கொழுந்து சுமந்தவர்கள், கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்கள், இரவில் முகத்தில் அரிதாரம் பூசி ரதியாகவும் மன்மதனாகவும் மாறி நிற்பார்கள். தப்பு முழங்க, சிவன் நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரியும் கட்டம் வரும்போது, ஒப்பனை மறைப்புக்குப் பின்னால் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். மீசையை ஒட்டிக்கொண்டே தேத்தண்ணி குடிக்கும் தேவர்களைக் காண்பீர்கள்!

கிளம்பும் முன் சில சொல்

பின்பக்கக் கதவைத் தட்டுகிறவருக்குக் கொஞ்சம் பணிவு வேண்டும். லயம் என்பது வீடு, காட்சிச்சாலை அல்ல. கேட்காமல் இஸ்தோப்பில் ஏறாதீர்கள், கேட்காமல் யார் முகத்தையும் படம் பிடிக்காதீர்கள். "அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரிப்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஸ்டோருக்குள் கமெராவுக்கு அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். சுரங்கத்துக்குள்ளும் பாலத்தின் மேலும் வண்டி நேரத்தில் விளையாட்டு வேண்டாம். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை கனத்தால் பாதையில் மண் சரியும், ஆகவே வண்டி எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

சாப்பாட்டை ஊர்க்கடையில் வைத்துக்கொள்ளுங்கள், தேயிலையை ஸ்டோர் வாசலில் வாங்குங்கள். தோட்டத்தின் பெயர் அச்சிட்ட பக்கெட்டாகப் பார்த்து எடுங்கள். காசு கொடுக்கும் முன் எந்த மாதம் காய்ச்சியது என்று கேளுங்கள். ஓகஸ்ட் என்றால் இரண்டு பக்கெட்டாக வாங்குங்கள்.